ஏலத்துக்குப் போன கசெட் பெட்டி

என் நண்பருக்குப் பேச்சு நின்றுபோன விஷயம் அவருடைய சொந்த மகனுக்கே தெரியாது. மகன் இருப்பது மெல்பேர்ணில், கிளென் வேவர்லியில். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக ஒரு வீட்டுக்கு இரண்டு வீட்டு விலை கொடுத்துக் குடியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பான். "அப்பா எப்பிடியம்மா?" என்பான். "நல்லா இருக்கிறார், இப்பதான் கண்ணயர்ந்தவர்" என்பார் நண்பரின் மனைவி. பக்கவாதம் வந்தது அவனுக்குத் தெரியும். வலது கை விழுந்ததும் தெரியும். பேச்சு போனது மட்டும் தெரியாது. நேரில் வந்து நின்றபோதும் அவன் கண்டுபிடிக்கவில்லை. தகப்பனும் மகனும் அதற்கு முன்பும் அப்படியொன்றும் பேசிக்கொண்டவர்கள் அல்லர்.

சிட்னியில், நாங்கள் இருக்கும் வென்ட்வேர்த்வில்லில் உள்ள எங்கள் ஆட்களுக்குச் சொல்லப்பட்டது இன்னும் சுருக்கம். "கொஞ்சம் பெலயீனம்." அவ்வளவுதான். கலியாணம், அரங்கேற்றம், சங்கத்து ஒன்றுகூடல் எல்லாவற்றிலும் ஒலிவாங்கியைக் கையிலிருந்து இறக்காத மனிதருக்கு வாய் வராது என்றால் அது நோயல்ல, அவமானம் என்று அவருடைய மனைவி முடிவெடுத்திருந்தார். வைத்தியசாலைக்காரரையும் மனைவியின் தமக்கையையும் விட்டால், உண்மை தெரிந்தவன் நான் ஒருவன். அதற்குக் காரணம் பெரிய நட்பு மட்டுமல்ல. நான் அடுத்த தெருவில் இருக்கிறேன், ஓய்வுபெற்றவன், அரசாங்கப் படிவங்களைப் பிழையில்லாமல் நிரப்பக்கூடியவன். உத்தியோக காலம் முழுவதும் மாநிலத் திணைக்களம் ஒன்றில் டெண்டர்களைச் சரிபார்த்தவனுக்கு முதுமையில் கிடைக்கும் மரியாதை இதுதான்.

நண்பர் தொழிலால் கணக்காளர், மனதால் வானொலி அறிவிப்பாளர். நாங்கள் சிட்னிக்கு வந்த புதிதில் யாராவது மெல்பேர்ணுக்குக் காரில் புறப்படுவதென்றால் முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். புறப்படும் நாளுக்குள் ஒரு கசெட் தயாராகிவிடும். தானே தெரிந்தெடுத்து, வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் தானே அறிவிப்பும் சொல்லியிருப்பார். "நேயர்களே, இப்போது நீங்கள் பாதி வழி வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் அது நிலையத்தாரின் தவறல்ல" என்பது போன்ற அறிவிப்புகள். போய் வந்ததும் கசெட்டைத் திருப்பிவிட வேண்டும். அடுத்த குடும்பம் காத்திருக்கும். அப்படிச் சேர்ந்தவை ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய இருந்தன. கார்களில் கசெட் போடும் துவாரம் இல்லாமல் போனபிறகு பெட்டி அவர் வீட்டு வரவேற்பறைத் தட்டுக்குப் போனது.

பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சுப் பயிற்சிக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்துபோனார். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் தொழில் தெரிந்தவர். யோசித்துப் பேசுவது வராவிட்டாலும் பழகிப்போனது சிலவேளை தானாக வரும், பிரார்த்தனையோ பாட்டோ எதையாவது முயன்று பாருங்கள் என்றார். இவர்கள் மன்னார்க் கத்தோலிக்கர். மனைவி செபமாலையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். ஒரு வாரம் செபித்தும் மனிதரின் உதடு அசையவில்லை. வெறுத்துப்போய் ஒருநாள் பெட்டியிலிருந்து ஒரு கசெட்டைப் போட்டார். அதிலிருந்த குரல் "நேயர்களே" என்றது. கதிரையில் இருந்தவரும் "நே...யர்" என்றார்.

"கடவுளுக்குத் திறக்காத வாய் தன்ர குரலுக்குத் திறக்குது பாருங்கோ அண்ணை" என்று நண்பரின் மனைவி என்னிடம் சொன்னது சந்தோஷமா கோபமா என்று எனக்கு விளங்கவில்லை.

அதன்பிறகு காலைச் சாப்பாடு முடிந்ததும் நண்பருக்கு அதுதான் வேலை. பெட்டியைத் திறந்து ஒன்றைப் போட்டு, தன் பழைய குரலோடு சேர்ந்து பேசிப் பழகுவார். கசெட் ஓடினால் அரை வசனம் வரும். நிறுத்தினால் "ஆ" மட்டும்தான். மெல்ல மெல்லச் சில சொற்கள் குரலுக்கு ஒரு கணம் முந்தியே வரத் தொடங்கின. அந்தப் பயிற்சிப்பெண் அதைக் கேட்டுக் கைதட்டினார். பிரதி எடுத்து வைக்கலாமே என்று நான் அப்போதே சொன்னேன். "வீட்டிலை இருக்கிற சாமானுக்கு ஏன் பிரதி?" என்றார் நண்பரின் மனைவி. என் ஆலோசனைகளுக்கு வழமையாகக் கிடைக்கும் வரவேற்பு.

மகன் ஒரு வார இறுதியில் வந்தான். அவன் நின்ற இரண்டு நாளும் பயிற்சிக்கு விடுமுறை. குளியலறையில் கைப்பிடி பொருத்தினான், கராஜைத் துப்பரவாக்கினான், வரவேற்பறைத் தட்டையும் விட்டுவைக்கவில்லை. எங்கள் தமிழ்ச் சங்கம் அப்போது வருடாந்த ஏலத்துக்குப் பொருள் சேர்த்துக்கொண்டிருந்தது. மன்னார்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மலசலகூடம் கட்டுவதற்காக, பழைய காலத்து அருமையான பொருட்கள் ஏதும் இருந்தால் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். மகன் கசெட் பெட்டியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

அடுத்தநாள் காலை எனக்குத் தொலைபேசி வந்தது.

"அண்ணை, பெட்டியை மகன் குடுத்திட்டானாம். ஏலத்துக்கு. அப்பாவுக்கு ஒரு மரியாதையா இருக்குமெண்டு குடுத்தவனாம். இந்த மனிசன் காலமையில இருந்து சாப்பிடேல்லை."

"மகனிட்டைச் சொல்லித் திருப்பி எடுப்பியுங்கோ."

"என்னெண்டு சொல்லுறது? ஏன் வேணுமெண்டு கேப்பான்."

"உள்ளதைச் சொல்லுங்கோவன்."

"சொன்னால் வேலையை விட்டிட்டு வந்து நிப்பான். அந்த வீட்டுக் கடனை ஆர் கட்டுறது?"

"அப்ப சங்கத்திட்டைக் கேளுங்கோ."

"பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கெண்டு குடுத்ததை நான் போய்த் திருப்பிக் கேக்கிறதோ? வெக்கமில்லையோ? நீங்கள் கேளுங்கோ அண்ணை. காரணத்தை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

"காரணம் சொல்லாமல் கேட்டால் ஆர் தருவினம்?"

"உங்களுக்குத்தானே சட்டமெல்லாம் தெரியும்."

காரணத்தைச் சொல்லமாட்டேன் என்று நான் சத்தியம் செய்து கொடுத்தேன். அந்தக் காலையில் வேறு வழி தெரியவில்லை.

சங்கத்தின் செயலாளர் ஒரு வங்கியில் வேலை செய்யும் பெண். கெட்டிக்காரி. என் மின்னஞ்சலைப் படித்துவிட்டு அன்றே அழைத்தார்.

"அங்கிள், குடுத்த சாமானை வித்ட்ரோ பண்ணேலாது. ஃபிளையரில படமும் போட்டாச்சு."

"விசேஷ காரணம் இருந்தால் குழு பரிசீலிக்கலாம்தானே பிள்ளை?"

"என்ன காரணம் அங்கிள்?"

"அது சொல்லேலாது."

அந்தப் பக்கத்தில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு விதியை வாசித்தார். நன்கொடையாகக் கிடைத்த பொருள் விளம்பரப்படுத்தப்பட்ட பின் எக்காரணம் கொண்டும் மீளக் கையளிக்கப்படமாட்டாது. "இதை எழுதினது ஆரெண்டு உங்களுக்குத் தெரியும்தானே?" என்றார். தெரியும். முந்திய ஒரு வருடம் ஒரு பெண்மணி பட்டுச்சேலை ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஏலத்தன்று காலையில் வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போனார். அதற்காக நான் இயற்றிய விதி. எக்காரணம் கொண்டும் என்ற சொற்களைச் சேர்க்கும்போது எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

"சரி, விட்டிடுவம். ஏலத்துக்கு முதல் ஒருநாள் பெட்டியைத் தாங்கோ. பிரதி எடுத்திட்டுத் தாறன்."

"ஒராளுக்கு மட்டும் முன்னமே சாமானைக் குடுத்தால் மற்ற ஆக்களுக்கு அன்ஃபெயர் அங்கிள். அதுவும் உங்கட விதிதான். அடுத்த பக்கத்தில கிடக்குது."

எஞ்சியது ஏலம் கேட்பது ஒன்றுதான். அதில் எனக்குப் பயமிருக்கவில்லை. ஏலம் என்பது உலகத்திலேயே நேர்மையான நடைமுறைகளில் ஒன்று. கூடக் கேட்டவனுக்குப் பொருள் சொந்தம். மூன்றுதரம் சொல்லி மேசையில் தட்டினால் அந்தக் கணமே உரிமை கை மாறிவிடுகிறது. இதை எத்தனையோ கூட்டங்களில் நான் விளக்கியிருக்கிறேன். நண்பரின் மனைவியிடமும் விளக்கினேன். அவர் தன் கைப்பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

ஏலம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புகையிரத நிலையத்திலிருந்து நடந்துபோகக்கூடிய ஒரு மண்டபத்தில் நடந்தது. முதலில் சாப்பாடு. நண்பரின் மனைவி மண்டபத்துக் குசினியில் ரோல்ஸ் பொரிக்கும் பெண்களோடு நின்றார். வராமல் விட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்களாம். அவருடைய தமக்கை நண்பருக்குக் காவலாக வீட்டில் இருந்தார்.

ஏலம் நடத்தியவர் வாரநாட்களில் வீடு விற்பவர். உரிமம் பெற்ற ஏலக்காரர். நாற்பது வயதுக்குள் இருக்கும், குரல் நல்ல வெண்கலம். ஒரு கிட்டாரும், யாரோ கையெழுத்துப் போட்ட ஒரு கிரிக்கெட் மட்டையும் போனபிறகு சப்பாத்துப் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். அதோடு விடாமல், எங்கிருந்தோ பிடித்துவந்த ஒரு கசெட் ரெக்கோடரை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வைத்து ஒன்றைப் போட்டுவிட்டார்.

"நேயர்களே! உங்கள் வாகனத்தில் முறுக்குப் பொட்டலம் ஒன்று இருப்பதாக நிலையத்துக்குத் தகவல் கிடைத்துள்ளது. சாரதிக்கும் ஒன்று கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

மண்டபம் சிரித்தது. "இது எங்கட அண்ணையெல்லோ!" என்றது ஒரு குரல். "ஆள் எங்கை? இப்ப காணக் கிடைக்கிறேல்லையே" என்றது இன்னொன்று. "பெலயீனமாம்" என்று மூன்றாவது பதில் சொன்னது. நான் குசினி வாசலைப் பார்த்தேன். நண்பரின் மனைவி அகப்பையோடு அங்கே நின்றார். என்னைப் பார்த்து, அங்கே பாருங்கள் என்று தலையால் மேடையைக் காட்டினார்.

ஏலம் தொடங்கியது. நாலைந்து பேர் விளையாட்டுக்குக் கேட்டுவிட்டு ஓய்ந்தார்கள். கடைசியில் என்னோடு நின்றது எனக்கு அடுத்த கதிரையில் இருந்த ஒரு சென்னைக்காரர். கணினி வேலை, சிட்னிக்கு வந்து கொஞ்சக் காலம். எனக்குப் பழக்கமில்லாதவர். ஆனால் நல்ல மனிதர் என்பது முகத்தில் தெரிந்தது. அதுவே எரிச்சலாக இருந்தது.

"சார், தப்பா நினைக்காதீங்க. நான் பழைய கேசட் கலெக்ட் பண்றவன். வீட்ல ஒரு ரூமே இருக்கு" என்றார், கையை உயர்த்தியபடியே.

"எனக்கு இது வேணும் தம்பி."

"பாட்டெல்லாம் உங்களுக்கும் காப்பி தந்துடறேன் சார். சுத்தமா கம்ப்யூட்டர்ல ஏத்தி, நடுவுல ஒருத்தர் பேசிட்டே இருக்காரே, அதையெல்லாம் கட் பண்ணிட்டு, பாட்டு மட்டும் லிங்கா அனுப்பிடறேன்."

நான் தொகையை ஏற்றினேன். அவரும் ஏற்றினார். புதிய வானொலிப் பெட்டி ஒன்றின் விலையைத் தாண்டினோம், பிறகு நல்ல தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றின் விலையையும் தாண்டினோம். பின்வரிசையில் யாரோ "அங்கிள் இண்டைக்கு விடமாட்டார்!" என்று உற்சாகப்படுத்தினார். முடிவில் சென்னைக்காரர் சிரித்துக்கொண்டு கையை இறக்கினார்.

"ஒருதரம்... ரெண்டுதரம்... மூண்டுதரம்!" மேசையில் தட்டினார் ஏலக்காரர். நான் மேடைக்குப் போனேன். பெட்டியைக் கையில் வாங்கினேன். மண்டபம் எழுந்து கைதட்டியது. அந்த நிமிடம் வரைக்கும் எல்லாம் நடைமுறைப்படி நடந்தது.

எங்கள் பக்கத்துக் கோயில் ஏலங்களைப் பார்த்தவர்களுக்கு அடுத்து நடந்தது ஆச்சரியமாக இராது. திருநாள் ஏலத்தில் ஒருவர் ஒரு பூசணிக்காயை யானை விலைக்கு எடுப்பார். எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். அங்கேயே கோயிலுக்குத் திருப்பிக் கொடுப்பார். அது மறுபடி ஏலத்துக்கு வரும். அதை எடுத்தவரும் திருப்பிக் கொடுப்பார். ஒரே சேவல் ஒரே பின்னேரத்தில் பல முதலாளிகளைக் கண்டுவிட்டுக் களைத்துப்போய் மேசையில் படுத்திருந்ததை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பொருளுக்காக ஏலம் எடுப்பவன் எங்களுக்குள் கொஞ்சம் அற்பன். இந்த வழக்கத்தை அறிந்திருந்தும் சங்கத்து விதிகளில் நான் சேர்க்கவில்லை. எழுத்தில் இல்லாத ஒன்றை எந்த வாசகத்தில் சேர்ப்பது?

"அங்கிள் பெட்டியைத் திருப்பித் தாறார்!" என்று ஏலக்காரர் ஒலிவாங்கியில் முழங்கினார். "பள்ளிக்கூடப் பிள்ளையளுக்காக! எங்கட அங்கிளுக்கு இன்னொருக்காக் கைதட்டுங்கோ!"

"இல்லைத் தம்பி, நான் திருப்பித் தரேல்லை" என்றேன். ஒலிவாங்கி அவர் கையில். கைதட்டல் என் சத்தத்தை விழுங்கிவிட்டது. நான் பெட்டியை நெஞ்சோடு பிடித்தேன். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, ஒரு கையால் என் தோளை அணைத்து, மறுகையால் பெட்டியை உருவிவிட்டார். வீடு விற்பவர்களுக்குக் கையில் ஒரு லாவகம் இருக்கிறது.

"தம்பி, மேசையில தட்டின உடனே உரிமை எனக்கு. சட்டப்படி நான் எழுத்தில தந்தால்தான்..."

"அங்கிள் சட்டம் கதைக்கத் தொடங்கிட்டார்!" என்றார் அவர். இந்த முறை சிரிப்பு கைதட்டலைவிடப் பெரிதாக இருந்தது. என்னைப் பற்றிய பழைய பகிடி அது. நான் வாயைத் திறந்தாலே ஆட்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். ஏன் வேண்டும் என்ற ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அதைத்தான் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஏலம் மறுபடி தொடங்கியது. கதிரைக்குத் திரும்பி வந்து கையை உயர்த்தினேன்.

"அங்கிள், நீங்கள் ஒருக்கா எடுத்திட்டியள். மற்றவைக்கும் புண்ணியம் கிடைக்கட்டும்" என்றார் ஏலக்காரர். பக்கத்திலிருந்த ஒருவர் என் கையைப் பிடித்து அன்போடு இறக்கிவிட்டார். ஒருமுறை எடுத்தவர் மறுமுறை கேட்கக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. எழுதியவனுக்குத் தெரியாதா? செயலாளரைத் தேடினேன். அவர் ரசீதுப் புத்தகத்தோடு தூரத்தில் நின்று எனக்குப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

வழமையான ஏலமாக இருந்தால் அப்போதும் பயமில்லை. எடுத்தவர் திருப்பிக் கொடுப்பார், மறுபடி வரும், ஆட்கள் களைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சென்னைக்காரருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. அவர் எடுத்தால் வீட்டுக்குத்தான் கொண்டுபோவார். வீட்டில் ஒரு அறை வேறு வைத்திருக்கிறார்.

"என்ன சார், வாங்கிட்டுத் திருப்பிக் குடுத்துட்டீங்க? பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றார் அவர், உண்மையாகவே நெகிழ்ந்துபோய்.

"நான் குடுக்கேல்லை. பறிச்சவங்கள்."

அவர் அதையும் நகைச்சுவை என்று நினைத்தார். கையை உயர்த்தினார். இந்தமுறை போட்டிக்கு யாரும் இல்லை. என்னோடு மோதியதில் மற்றவர்களுக்கு உற்சாகம் தீர்ந்திருந்தது.

"ஒருதரம்..." என்றார் ஏலக்காரர்.

நான் எழுந்தேன். பின்னாலிருந்தவர்கள் "இருங்கோ அங்கிள்" என்றார்கள்.

"ரெண்டுதரம்..."

"தம்பி, அதை விக்காதேங்கோ."

குரல் குசினிப் பக்கமிருந்து வந்தது. நண்பரின் மனைவி மேசைகளுக்கு நடுவால் நடந்து வந்தார். கையில் எண்ணெய்த் துணி. மேடையில் ஏறவில்லை, கீழே நின்று நிமிர்ந்து பார்த்தார். ஏலக்காரர் இதுவும் ஒரு ஏலக் கேள்விதான் என்று நினைத்து, "ஆஹா, அன்ரி கேக்கிறா! எவ்வளவு அன்ரி?" என்றார்.

"நான் ஏலம் கேக்க வரேல்லை. என்ர மனிசனுக்குக் கதை வராது. வருத்தம் வந்த நாளில இருந்து வராது. இந்தக் கசெட்டில இருக்கிற தன்ர கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் பழகிறவர். மகன் தெரியாமல் குடுத்திட்டான். எனக்கு அது வேணும்."

ஏலக்காரர் ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார், ஒன்றும் சொல்லாமல் இறக்கினார். வெண்கலக் குரல் அந்த நேரத்தில் எங்கே போனதோ. செயலாளர் என்னைப் பார்த்தார். எக்காரணம் கொண்டும் என்ற சொற்களுக்கு அன்றுதான் முதல்முறையாக ஒருவருக்கு விளக்கம் தேவைப்பட்டது. விதியை இடைநிறுத்தக் குழுவுக்கு அதிகாரம் உண்டு என்று சொல்வதற்காக நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் நண்பரின் மனைவி கையை நீட்டிப் பெட்டியை எடுத்துக் கக்கத்தில் வைத்துவிட்டார்.

"எடுத்துட்டுப் போங்கம்மா" என்றார் சென்னைக்காரர் எழுந்து நின்று. "எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

காரில் நண்பரின் மனைவி பின்னாசனத்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். முதல் சமிக்ஞை விளக்கில் கார் நின்றபோது கேட்டார்.

"அண்ணை, பெட்டி உங்கட கைக்கு வந்ததெல்லோ. பிடிச்சுக்கொண்டு ஓடி வந்திருக்கலாமே?"

"நான் பிடிச்சனான். அவர் பறிச்சவர்."

"இவ்வளவு சட்டம் தெரிஞ்ச ஆள்."

"காரணம் சொல்லாதேங்கோ எண்டது ஆர்?"

"அதுக்கு?" என்றார் அவர்.

வீட்டு வாசலில் இறங்கும்போது, "நாளைக்கு எல்லாரும் வந்து நிக்கப் போகினம்" என்றார். அவருடைய முகத்தில் அழுகை வந்து நின்றது அப்போதுதான். "மகனுக்கு ஆரும் சொல்ல முதல் நான் எடுத்துச் சொல்லவேணும்." அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. கதவைத் திறக்கும்போதே உள்ளே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. மண்டபத்திலிருந்து யாரோ முந்திவிட்டார்கள். மகன் அழுதான். ஆனால் அவர் பயந்ததுபோல வேலையை விடவில்லை. வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னான்.

மறுநாள் காலை நான் போனபோது வாசலில் சப்பாத்து வைக்க இடமில்லை. ஏலத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். கேக், வாழைப்பழம், ஒரு போத்தல் மூலிகை எண்ணெய். கனடாவில் இதே வருத்தம் வந்து பச்சை வெங்காயம் சாப்பிட்டே பேசத் தொடங்கிய ஒருவரைப் பற்றி ஒரு பெண்மணி விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வந்த ஒவ்வொருவரும் நண்பரின் முகத்துக்கு முன்னால் குனிந்து, "அண்ணை! என்னைத் தெரியுதோ?" என்று கத்தினார்கள். அவருக்குக் காதில் ஒரு குறையும் இல்லை. மூளையிலும் இல்லை. இதை நான் பொதுவாக அறிவித்தேன். "ஓமோம்" என்று கேட்டுக்கொண்டு அடுத்தவர் குனிந்தார்.

நண்பரின் மனைவி குசினியில் தேத்தண்ணி ஊற்றியபடி இருந்தார். கசெட் பெட்டி ரெக்கோடருக்குப் பக்கத்தில் திறக்காமல் கிடந்தது. பயிற்சி நேரம் எப்போதோ கடந்துவிட்டது. பெட்டியை மீட்டது இந்தக் கேக் சாப்பிடுவதற்காகவா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்வையாளர் நேரத்தை ஒழுங்குபடுத்தி ஒரு பட்டியல் போடலாமா என்று குசினிக்குள் போய்க் கேட்டேன். "அண்ணை, அந்தத் தட்டத்தைக் கொண்டுபோய்க் குடுங்கோ" என்றார் அவர்.

தட்டத்தோடு நான் திரும்பி வந்தபோது நண்பர் இடது கையால் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். மூடியைத் தள்ளினார். ஒரு கசெட்டை எடுத்தார். உதவிக்குப் பாய்ந்த கைகளையெல்லாம் முழங்கையால் விலக்கிவிட்டுத் தானே அதை உள்ளே போட்டுப் பொத்தானை அழுத்தினார். யாருக்கும் தெரியக்கூடாது என்று இவ்வளவு காலம் மூடிவைத்த காரியத்தை, அறை நிறைய ஆட்கள் பார்த்திருக்கச் செய்யத் தொடங்கினார். குசினி வாசலில் மனைவி கேத்தலோடு நின்றுவிட்டார்.

"நேயர்களே" என்றது கசெட்.

"நேயர்...களே" என்றார் அவர்.

"உங்கள் பயணம் இனிதே தொடர..."

"உங்கள் ப... ப..."

"பயணம்!" என்றார் எண்ணெய்ப் போத்தல்காரர். "பயணம் அண்ணை, பயணம்!" என்றது சோபா முழுவதும். வெங்காயப் பெண்மணி எழுந்து வந்து, "ப-ய-ண-ம்" என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தார். கசெட் குரல் அதற்குள் எங்கேயோ போய்விட்டது, பாட்டுத் தொடங்கிவிட்டது.

"தயவுசெய்து ஒருத்தரும் சொல்லிக்குடுக்காதேங்கோ! அது அவர்தான் சொல்லவேணும்!" என்று நான் தட்டத்தோடு நின்று கத்தினேன். என் சத்தம் மற்றச் சத்தங்களோடு ஒன்றாகச் சேர்ந்தது.

நண்பர் கசெட்டை நிறுத்தினார். பெருவிரலால் பின்னுக்கு ஓடவிட்டார். நாடா சுற்றும் சத்தம் முடியும்வரை எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். என்னை மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார் என்று நினைக்கிறேன். மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே சொல்லில் தடக்கினார். உதடுகள் ஒட்டிக்கொண்டு நின்றன, நெற்றியில் வியர்வை தெரிந்தது. குரல் அவரைக் கடந்து போயிற்று. நிறுத்தினார், பின்னுக்கு இழுத்தார், அழுத்தினார். அந்தச் சொல் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. விழுங்கிக்கொண்டேன். அறையில் யாரும் வாய் திறக்கவில்லை.